பர்மா பஜாரில் 470 ரூபாய்

பர்மா பஜாருக்கு வழி கேட்கவே வேண்டாம் சார். பீச் ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலையில் பாரிமுனையைப் பார்த்து நடங்கள். யாரோ ஒருவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையைப் பார்த்து, "என்ன சார் வேணும்... மொபைலு, சார்ஜரு, ஹெட்போனு, செண்டு?" என்று கேட்டால் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நடைபாதையை ஒட்டி, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி வரிசையாகக் கடைகள். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஹார்பர். அந்தக் காலத்தில் கடைக்காரர் ஹார்பர் பக்கம் கையைக் காட்டி, "நேத்து கப்பல்ல வந்துச்சு சார்" என்பார். கப்பலும் உண்மை, நேற்றும் உண்மை. இவர் பொருள்தான் அதில் வந்ததா என்று கேட்கக் கூடாது.

எழுபது, எண்பதுகளில் வெளிநாட்டுச் சரக்கு என்றால் சென்னைக்கு இந்த இடம்தான். இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருந்த நாட்கள். டேப் ரிக்கார்டர், வாக்மேன், வி.சி.ஆர்., வாசனை சோப்பு என்று எல்லாமே 'ஃபாரின்'. 1991-ல் பொருளாதாரக் கதவு திறந்த பிறகு ஃபாரின் சாமான் மூலைக் கடைக்கே வந்துவிட்டது. ஆனாலும் பஜார் அசரவில்லை. கேசட் போனால் சி.டி., சி.டி. போனால் செல்போன், செல்போன் போனால் செல்போனுக்கு உறை!

நான் முதன்முதலாகச் சொந்தக் காசில் ஒரு வீடியோ கேம் வாங்கியது இங்கேதான். வருடம் 2003.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவு. குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நின்றேன். ஒரு நாளைக்கு இருபது ரூபாய். ரேஷன் கார்டு, ஜாதிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம்... ஊரில் யாருக்கு எத்தனை சென்ட் நிலம் என்று எனக்கு அத்துப்படி. ஒரு மாதத்தில் கையில் 600 ரூபாய். பெரும்பாலும் பத்து ரூபாய் நோட்டுகள். எல்லா நோட்டிலும் ஜெராக்ஸ் மை வாசனை.

அப்பா காசில் வாங்கும்போது கண் பொம்மை மேலேயே இருக்கும். சொந்தக் காசில் வாங்கும்போது கண் காசு மேலே இருக்கும். பிற்பாடு பி.காம். படிக்கையில் புரொபசர் 'வாய்ப்புச் செலவு' என்று கரும்பலகையில் எழுதி விளக்கினார். பக்கத்து பெஞ்சுக்காரன் விழித்தான். எனக்கு அது பர்மா பஜாரிலேயே நடத்தி முடித்த பாடம்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கைலி, வெள்ளைச் சட்டை. கண்ணாடி அலமாரியில் சிவப்பும் வெள்ளையுமாக அந்தப் பெட்டி. இரண்டு கண்ட்ரோலர், ஒரு துப்பாக்கி, ஒரு மஞ்சள் கேசட்.

"எவ்ளோண்ணே?"

"எண்ணூத்தம்பது."

"முன்னூறு."

"வேற கடை பாரு தம்பி."

பார்த்தேன். அதாவது நாலு அடி நடந்தேன். பஜாரின் எழுதாத சட்டப்படி ஐந்தாவது அடியில் கூப்பிட வேண்டும். கூப்பிட்டார். அறுநூறு, நானூறு, ஐந்நூறு என்று ஏலம் போய் 470-ல் நின்றது. நோட்டுக் கட்டை எடுத்ததும் அவர் கேட்டார்:

"காசு யாருது? அப்பாவோடதா?"

"இல்லண்ணே, என்னோடது. ஜெராக்ஸ் கடையில வேலை பார்த்தேன்."

மனிதர் முகம் மாறிவிட்டது. பெட்டியைப் பிரித்து, கடை டி.வி.யில் மாட்டி, துப்பாக்கி வரைக்கும் சோதித்துக் காட்டினார். அப்புறம் நோட்டுகளை ஒருமுறை எண்ணினார். திருப்பி இன்னொரு முறை எண்ணினார்.

"சரியா இருக்குண்ணே" என்றேன்.

"இருக்கும். சொந்தக் காசை ரெண்டு தடவை எண்ணணும் தம்பி. எங்கப்பா ரங்கூன்ல பெட்டி நிறைய வெச்சிருந்தாரு. ஒரு ராத்திரி எண்ணாம படுத்தாரு. விடிஞ்சா அது காகிதம்."

அன்றைக்கு அதை வயதானவர் பேச்சு என்று எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடித்தேன். விவரம் பின்னால்தான் தெரிந்தது. 1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். அதே வருடம் மே மாதம் 50 கியாத், 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. தலைமுறை தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்த தமிழர்கள் கடையையும் விட்டு, காசையும் விட்டு, துணிமூட்டையோடு கப்பல் ஏறி இதே ஹார்பரில் வந்து இறங்கினார்கள். அப்படித் திரும்பியவர்கள் பிழைக்க 1969-ல் தமிழக அரசு ஒதுக்கிக் கொடுத்த இடம்தான் பர்மா பஜார். 'ஃபாரின் சாமான்' என்று நாம் வாயைப் பிளந்த தெருவை உண்டாக்கியது, ஃபாரினில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள்!

சரி, பெட்டிக்கு வருவோம். அதன் மூலப் பிரதி, ஜப்பானின் நின்டெண்டோ 1983 ஜூலை 15-ல் வெளியிட்ட 'ஃபேமிகாம்'. விலை 14,800 யென். நின்டெண்டோ 1889-ல் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பித்த கம்பெனி. (நல்லவேளை, இது எங்கள் பாட்டிக்குத் தெரியாது.) ஜப்பான் பெட்டியில் பல சில்லுகள் செய்த வேலையை ஒரே சில்லில் அடக்கி, அதன் தலையில் கறுப்புப் பிசினை ஒரு சொட்டு ஊற்றினால் நம்ம ஊர்ப் பெட்டி தயார். அதனால்தான் 470 ரூபாய்க்குக் கட்டுப்படியானது.

மஞ்சள் கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சடித்திருந்தது. கணக்குப் போடுங்கள். ஆட்டத்துக்கு ஒரு நிமிஷம் வைத்தாலும், தூங்காமல் ஆடினால் முடிக்கப் பத்தொன்பது வருஷம் ஆகும். பி.காம். சேராமலேயே எனக்கு அப்போதே சந்தேகம். ஆட வைத்துப் பார்த்தால் உருப்படியாக ஆறே ஆறு ஆட்டம். மிச்சமெல்லாம் அதே ஆறு, வேறு வேறு பெயரில். (எங்கள் ஆபீசிலும் வருடா வருடம் பதவிப் பெயரை மாற்றுகிறார்கள். சம்பளம் அதேதான்.)

ஆனால் அந்த ஆறு போதும் சார். 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் வெறும் 40 கிலோபைட். இன்று நீங்கள் காலையில் அனுப்பும் 'குட் மார்னிங்' ரோஜாப்பூ அதைவிடப் பெரிது. இடம் மிச்சம் பிடிக்க, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். மாசக் கடைசியில் நம் வீட்டுச் சமையலறையில் நடக்கும் அதே வித்தை. நேற்றைய இட்லி, இன்றைய உப்புமா.

'கான்ட்ரா' இன்னொரு ரகம். மூன்றே உயிர். முதல் மேடை தாண்டுவதற்குள் மூன்றும் காலி. மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ என்று வரிசையாக அமுக்கினால் முப்பது உயிர். இந்த மந்திரத்தைக் கண்டுபிடித்தவர் கோனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-ல் 'கிராடியஸ்' ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கத் தனக்கே கஷ்டமாக இருக்கிறது என்று வைத்த குறுக்கு வழி. அவர் 2020-ல் காலமானார். தெருப் பையன்கள் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் யாருக்கும் வரவில்லை.

வீட்டில் சிக்கல், அப்பா. கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தா. டி.வி. தவணையில் வாங்கியது.

"பிக்சர் டியூப் போயிடும்டா!"

மணிக்கணக்கில் ஒரே படத்தை அசையாமல் நிறுத்தினால் திரையில் தழும்பு விழலாம். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. இதை அப்பாவிடம் யார் சொல்வது? அவர் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று நாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள், "அந்தத் துப்பாக்கியைக் குடு" என்றார்.

'டக் ஹன்ட்'. புதரிலிருந்து வாத்து பறக்கும், சுட வேண்டும். அப்பா சுட்டார், தவறியது. திரையில் நாய் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எங்கள் வீட்டில் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும் தைரியம் அந்த நாய்க்கு மட்டும்தான் இருந்தது. அன்று ராத்திரி பத்தரை வரை நாயோடு மல்லுக்கட்டினார்.

"நான் சுட்டது அதுக்கு எப்பிட்றா தெரியுது?"

நியாயமான கேள்வி. துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. அது ஒரு கண். விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் கண்ணில் அந்த வெளிச்சம் பட்டால் வாத்து விழுந்தது. பழைய குண்டு டி.வி.யில்தான் இது நடக்கும். இன்றைய எல்.இ.டி. டி.வி. படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுவதால் வாத்து சாவதே இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு மாமா வாசலில் நின்று, "என்ன சார், பையனுக்கு வீடியோ கேமெல்லாம் வாங்கிக் குடுத்திருக்கீங்க?" என்றார்.

"நான் வாங்கலை. அவன் சம்பாதிச்சு வாங்கினது" என்றார் அப்பா.

சொன்ன தோரணை இருக்கிறதே... பிறகு நான் எத்தனையோ சம்பள உயர்வு வாங்கிவிட்டேன். எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை.

2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டி.வி.யில் அறிவித்தபோது, நான் எழுந்து போய் மணிபர்ஸை எடுத்து எண்ணினேன். பிறகு இன்னொரு முறை எண்ணினேன். ரங்கூன் பெட்டியில் இருந்தது என்னவென்று அந்த ராத்திரிதான் உறைத்தது. நமக்கு வங்கியில் வரிசை இருந்தது, மாற்றிக்கொள்ள வழி இருந்தது. அவர்களுக்குக் கப்பல் மட்டும்தான்.

இன்றைய பஜாரில் மலைமலையாக மொபைல் உறை. டி.வி.யில் சொருகினால் ஆயிரக்கணக்கில் பழைய ஆட்டங்கள் வரும் குச்சியும் விற்கிறார்கள். எண்ணிக்கை அச்சடிக்கும் பழக்கம் மாறவில்லை; எண்ணிப் பார்க்க ஆள்தான் இல்லை. காசும் அப்படித்தான். கியூ.ஆர். அட்டையைக் காட்டினால் போதும், எந்த நோட்டையும் யாரும் எண்ணுவதில்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு டப்பா, பணம் வந்துவிட்டது என்று ஊருக்கே கேட்கும்படி அறிவிக்கிறது.

முதல் சம்பளம் வாங்கிய தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சனிக்கிழமை ஒரு நடை போய் வாருங்கள். பஜாரின் பின்பக்கத் தெருவில் பர்மாக்காரர்களின் அத்தோ கடை இருக்கும். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அதை முதலில் சாப்பிடுங்கள். பசியோடு பேரம் பேசினால் விலை குறையாது.

அப்புறம் ஏ.டி.எம்.மில் கொஞ்சம் நோட்டு எடுத்துக்கொண்டு பஜாருக்குள் நுழையுங்கள். தவணை வேண்டாம், கார்டு வேண்டாம். என்ன வேண்டுமானாலும் வாங்குங்கள். கொடுக்கும்போது மட்டும் இரண்டு தடவை எண்ணிக் கொடுங்கள்.