பூசை காணுதல்

தமிழ்க் கத்தோலிக்கர் பல தலைமுறைகளாகப் பூசை ‘கண்டு’ வந்தவர்கள். குருவானவர் பூசை ‘வைப்பார்’, வசதி உள்ளவர் பூசைக்குக் ‘கொடுப்பார்’, மற்றவர்கள் ‘காண்பார்கள்’. வினைச்சொற்களோடு நாளெல்லாம் மல்லுக்கட்டும் ஒருவனுக்கு இந்த மூன்று வினைகளே போதும், ஓர் ஆலயத்தின் உள் அமைப்பை வரைந்துவிடலாம். வைப்பவர் இல்லையென்றால் பூசை இல்லை. கொடுப்பவரின் பெயர் பலிபீடத்திலிருந்து வாசிக்கப்படும். காண்பவர் வராவிட்டால் எதுவும் நின்றுவிடாது. இலத்தீன் காலத்தில் உதவிக்கு ஒரு பீடச்சிறுவன் இருந்தாலே பூசை நிறைவேறிவிடும்.

இன்றைய வழிபாட்டு நூல்களில் இருப்பது ‘திருப்பலியில் பங்கேற்றல்’. திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து மறைந்த என் அம்மாச்சி அந்தச் சொல்லைக் கடைசிவரை ஏற்கவில்லை. “பூசை கண்டுட்டு வந்தேன்” என்றுதான் சொல்வார். ‘இஸ்பிரீத்து சாந்து’ என்ற போர்த்துகீசியச் சொல் ‘பரிசுத்த ஆவி’யாகிப் பின்னர் ‘தூய ஆவி’யாக மாறியதையும், ‘சர்வேசுரன்’ ‘இறைவன்’ ஆனதையும் அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். புத்தகம் மாறியபோதெல்லாம் மனப்பாடம் பழுதாயிற்று. மக்களைப் பேசவைக்க எடுத்த முயற்சி, ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த முதியவர்களைச் சிறிது காலம் வாய்மூட வைத்தது. இந்த முரணை வழிபாட்டு வரலாறுகளில் நான் அதிகம் காணவில்லை.

அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பூசை இலத்தீனில் நடந்த காலத்திலும் மக்களின் செபம் தமிழில்தான் இருந்தது. ஹென்றிக் ஹென்றிக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. பாவசங்கீர்த்தனத்துக்கான ‘கொம்பெசியொனாயரு’ 1580-இல் வந்தது. தமிழில் பூசை வரத் தொடங்கியதோ 1960-களின் நடுப்பகுதியில். இடைப்பட்ட ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பீடத்தில் ஒரு மொழி, பீடத்துக்குக் கீழே இன்னொரு மொழி. குருவானவர் முதுகு காட்டி முணுமுணுக்க, மக்கள் செபமாலை உருட்டினார்கள். குரு வர இயலாத ஊர்களில் உபதேசியார் செபம் சொல்லிக் கொடுத்தார். தேர், பாஸ்கா நாடகம், சப்பரம் எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. அதைப் பங்கேற்பு அன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூசைக்கு உள்ளே அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை என்பதும் உண்மை.

பங்கேற்புக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பை முதலில் எழுப்பியவர் பவுல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 14-ஆம் அதிகாரத்தில் அவர் கேட்பது ஏறக்குறைய இதுதான்: புரியாத மொழியில் நீ நன்றி செலுத்தினால், சாதாரண மனிதன் அதற்கு எப்படி ‘ஆமென்’ சொல்வான்? ‘சாதாரண மனிதன்’ என்று நான் எழுதும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘இடியோத்தேஸ்’: பதவியற்றவன், பயிற்சி பெறாதவன், தனியாள். ஆங்கிலத்தில் அறிவிலியைக் குறிக்கும் ‘இடியட்’ இதன் வழித்தோன்றல். அந்த இடியோத்தேஸின் ‘ஆமென்’ இல்லாவிட்டால் நன்றியுரை முழுமை பெறாது என்பதே பவுலின் வாதம். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய ஜஸ்டினும், தலைவர் செபித்து முடித்ததும் மக்கள் ‘ஆமென்’ என்று இசைவு தெரிவிப்பதை ஒரு சடங்குறுப்பாகவே குறித்திருக்கிறார். (‘லித்துர்கியா’ என்பதற்கு ‘மக்களின் பணி’ என்று மேடைகளில் பொருள் சொல்கிறார்கள். அது அழகான சொற்பிறப்பியல், சரியானதன்று. பழைய கிரேக்கத்தில் அது ஒருவர் பொதுமக்களுக்காக ஏற்றுச் செய்த பணி.)

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட வழிபாட்டு ஏடு இறைமக்களின் முழுமையான, உணர்வுள்ள, செயல்முறைப் பங்கேற்பைக் கோரியது. செயல்முறைப் பங்கேற்பு என்ற பேச்சு பத்தாம் பயஸ் காலத்திலேயே, 1903-இல், திருச்சபை இசை தொடர்பாக எழுந்துவிட்டது. தென்னிந்தியா உரோமைக்காகக் காத்திருக்கவும் இல்லை. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை தன் நற்கருணை வழிபாட்டு முறையை 1950-இல் வெளியிட்டது. அதில் குரு மக்களை நோக்கி நின்றார். அமைதி வாழ்த்து பீடத்தில் தொடங்கி, உள்ளங்கைகளுக்குள் கைகளை வைத்து, ஒருவர் மாற்றி ஒருவராகக் கடைசி வரிசைவரை போனது. சாதி பார்த்து அமர்ந்த கூட்டத்தில் அடுத்தவர் கையைத் தொட்டாக வேண்டும் என்பது சிறிய ஏற்பாடன்று.

இனிப் பெங்களூரு. தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் இங்கேதான் 1967-இல் தொடங்கியது. அதை நிறுவி வளர்த்த து. ச. அமலோற்பவதாஸ் புதுவை மறைமாவட்டத்துத் தமிழர். 1968 முதல் 1971 வரை பெங்களூரின் பேராயராக இருந்த லூர்துசாமி அவருடைய அண்ணன். 1969 ஏப்ரலில் உரோமை இந்தியாவுக்கென ஒப்பளித்த பன்னிரண்டு தழுவல்களுக்குப் பின்னால் இந்த வட்டம் நின்றது. செருப்பைக் கழற்றித் தரையில் அமரலாம், முழந்தாளிடுவதற்கு மாற்றாகக் கைகூப்பித் தாழ வணங்கலாம், மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் எண்ணெய் விளக்கு, முத்தமிடுவதற்குப் பதிலாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, ஆரத்தி. பெரும்பாலானவை உடல் சார்ந்தவை என்பதைக் கவனியுங்கள். நாவுக்கு முன்பே கைகால்களைப் பங்கேற்கச் செய்தார்கள்.

எதிர்ப்பும் வந்தது, அதிலும் பொதுநிலையினரிடமிருந்தே வலுவாக வந்தது. இது கோயிலை நகலெடுப்பது என்றார்கள் ஒரு சாரார். தலித் கிறித்தவச் சிந்தனையாளர்கள் வேறொரு கேள்வியை எழுப்பினார்கள்: நீங்கள் ‘இந்திய’ என்று சொல்வது யாருடைய இந்தியா? பறையும் தப்பும் இல்லாமல், ஆரத்தியும் சமஸ்கிருதமும் மட்டும் ஏன்? இரண்டாம் கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மக்களின் பங்கேற்புக்காக வகுத்த திட்டத்தை மக்களைக் கேட்காமல் வகுத்ததன் விலை அது.

பெங்களூரு கொடுத்த பெரிய விலை மொழியால் வந்தது. 1809-இல் கன்டோன்மென்ட் அமைந்தபின் படையைத் தொடர்ந்து வந்து குடியேறிய தமிழர் அப்பகுதிக் கத்தோலிக்கரில் பெருந்தொகையினர். பேட்டைப் பகுதியில் கன்னடம், கன்டோன்மென்டில் தமிழ். இரண்டும் ஒரே மாநகராட்சியானது 1949-இல்தான். பூசை இலத்தீனில் இருந்தவரை யார் பெரும்பான்மை என்ற கேள்வி பீடத்தை எட்டவில்லை, ஏனெனில் அந்த மொழி எவருடையதும் அன்று. மக்கள் மொழிக்கு மாறியதும் ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு மணிநேரமும் ஏதாவது ஒரு மொழிக்கு உரியதாகிவிட்டது. கோகாக் அறிக்கையும் 1982-இன் கிளர்ச்சியும் கன்னடத்தின் உரிமையைத் தெருவுக்குக் கொண்டுவந்த காலத்தில், ஆலயங்களுக்குள்ளும் கன்னடத்துக்கே முதன்மை என்ற குரல் வலுத்தது. வழிபாடுகளின் நடுவே கூச்சல் எழுந்த நாட்களும் உண்டு.

தமிழர்கள் இதைச் சொல்லும்போது தம் காயத்தை மட்டும் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் சொந்த நாட்டில், தன் பங்கு ஆலயத்தில், தமிழ்ப் பூசையைக் கன்னடர் ஒருவர் ‘கண்டுகொண்டு’ நின்றார் என்றால் அவர் நிலை என் அம்மாச்சியின் இலத்தீன் காலத்து நிலையேதான். அவர் கேட்டது தமிழர் 1960-களில் பெற்ற அதே உரிமை.

இங்கே ஓர் இலக்கணச் செய்தி. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. தெலுங்கிலும் மலையாளத்திலும் இவ்வேறுபாடு உண்டு. இன்றைய கன்னடத்தில் இல்லை. ‘நாவு’ இரண்டுக்கும் பொது. தமிழ்ப் பூசையில் இந்த இரண்டும் இடைவிடாமல் இடம் மாறிக்கொண்டிருக்கும். கடவுளை நோக்கும்போது ‘எங்கள்’, ஏனெனில் அவர் மன்றாடுவோரில் ஒருவர் அல்லர். மக்களை நோக்கும்போது ‘நம்’. மறையுரையில் குருவானவர் எந்த வாக்கியத்தில் ‘நாம்’ என்பதை விட்டு ‘நீங்கள்’ என்பதற்குத் தாவுகிறார் என்று என் குறிப்பேட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பாவத்தைப் பற்றியும் நன்கொடையைப் பற்றியும் பேசும்போது தாவுகிறார்.

இப்போது நான் செல்லும் பங்கின் பெயர் வேண்டாம். அங்கே காலை ஐந்தரை மணிக்குத் தமிழ்ப் பூசை. வருபவர்கள் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள், தெருக் கூட்டும் பணியாளர்கள், இரவுக் காவல் முடித்து வரும் ஆண்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பாடல் வரிகளைக் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறார்கள். சிலர் கன்னட எழுத்தில். பதிலுரைகளுக்கு அதுவும் தேவையில்லை, அவை காதுவழி வந்தவை. முதல் வாசகத்தைப் பல மாதங்களாக வாசிப்பவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கடினமான பெயர்களை முந்தைய இரவே சொல்லிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். பெண்கள் வாசகர் பணியில் முறையாக ஏற்படுத்தப்படலாம் என்று உரோமை அறிவித்தது 2021 சனவரியில். அந்தச் செய்தி இவரை எட்டியிருக்கவில்லை.

வருகை குறைவு என்பதால் இந்தப் பூசையை எட்டு மணி மும்மொழிப் பூசையோடு இணைக்கலாமா என்று பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். அதையும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தார்கள், ஐந்தரை மணிக்காரர்கள் வேலையில் இருக்கும் நேரம். வந்தவர்கள் ஐவர். அந்த வாசகப் பெண், வேலைவீட்டில் ஒரு மணிநேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எட்டு மணிப் பூசைக்குத் தம்மால் வர முடியாது என்று அவர் சொல்லியிருந்தாலே போதும். அவர் சொன்னது வேறு: “வந்தாலும் சாமி, அங்க நாங்க பாத்துக்கிட்டு நிக்கணும்.” குருவானவரும் அங்கே இருந்தார், அவரையும் சேர்த்து ‘நாம’ என்று அவர் சொல்லவில்லை. ‘நாங்க’ என்றார். நான் பதிவுக்கருவி கொண்டு போகவில்லை. போயிருந்தாலும் அந்த வாக்கியத்தை ஆய்வேட்டில் சேர்க்க அவரிடம் இசைவு கேட்டிருக்க வேண்டும். அதை அடுத்த வாரம் கேட்டேன், தந்தார்.

பேரவை முடிவை ஒத்திவைத்திருக்கிறது. இதற்கிடையில் ஐந்தரை மணிப் பூசைக்கு வருபவர்களை வாயிலில் ஒருவர் நின்று எண்ணுகிறார். சென்ற ஞாயிறு எண்பத்திரண்டு பேர். வாசகப் பெண் தம் மகளையும் இரண்டு அண்டை வீட்டாரையும் அழைத்து வந்திருந்தார்.