தட்டிப் பார்த்தால் தெரியும்

மண்பானை வாங்கப் போனால் பாட்டி அதைத் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். பொங்கலுக்கு முன்பு பாடாங் செராய் கடையில் எத்தனை பானை அடுக்கி வைத்திருந்தாலும், ஒவ்வொன்றையும் காதருகே தூக்கி விரல் கணுவால் ஒரு தட்டு. 'ணங்' என்றால் நம் வீட்டுக்கு வரும். 'தொப்' என்றால் கடைக்காரரிடமே திரும்பும். "கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது" என்பார். பத்து ஆண்டுகளுக்கு மேலாக வானொலியில் ஒலியோடு பிழைப்பு நடத்தும் நான், ஊடகத்துறைப் பட்டப்படிப்பில் கற்றதைவிட அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன்.

போன தீபாவளிக்கு முன்பும் அது உதவியது. ஆனால் அன்று என் கையில் இருந்தது பானை அல்ல, தோட்டாக்கூடு.

அப்பாவின் வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவிக்கொண்டிருந்தோம். தாத்தா இறந்து மூன்று வருடமாகத் திறக்காத அவருடைய தகரப்பெட்டியை அன்றுதான் திறந்தோம். பாடாங் மேஹா தோட்டத்தில் பால் வெட்டிய காலத்துச் சம்பளச் சீட்டுகள், நீல அடையாள அட்டையின் நகல், ஒரு பழைய மைலோ டின். டின்னுக்குள் வேட்டித் துணியில் சுற்றி மூன்று பித்தளைக் குழாய்கள். ஒவ்வொன்றும் என் சுண்டு விரலைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு முனை திறந்திருந்தது. மறுமுனையில் தட்டையான விளிம்பு.

அப்பா அதைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம் முன்கதவைச் சாத்தியதுதான்.

"மூடி வை. யார் கண்ணுலயும் காட்டாத."

அப்பா லாரி ஓட்டியவர். எதற்கும் லேசில் பயப்படாதவர். அவருக்கு அப்படி ஒரு பயம் வந்ததைப் பார்த்துதான் எனக்கு ஆர்வம் அதிகமானது. பெர்த்தில் இருக்கும் பெரியப்பா மகனை அழைத்தேன். அண்ணன் அங்கே உரிமம் பெற்றுக் குறிசுடும் மன்றத்தில் உறுப்பினராக இருக்கிறார். பழைய லீ என்ஃபீல்டு ரைபிளில் போட்டிகளுக்குப் போவார். சுட்ட தோட்டாக்கூட்டைத் தூக்கிப் போடாமல், அதில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தானே தோட்டா தயாரித்துக்கொள்வார். ஆஸ்திரேலியாவில் உரிமத்தோடு செய்யக்கூடிய வேலை அது. நம் நாட்டில் கதை வேறு. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

காணொளியில் அண்ணன் முதலில் கேட்டது, "உள்ள குண்டு இருக்கா? பின்பக்கம் நடுவுல இருக்கிற சின்ன மூடியில ஊசி குத்துன பள்ளம் இருக்கா, பாரு தங்கச்சி. பள்ளம் இல்லன்னா கீழ வச்சிட்டுத் தள்ளி நில்லு."

மூன்றிலும் பள்ளம் இருந்தது. மூன்றும் சுடப்பட்டவை, வெறும் கூடுகள். "அப்ப சரி. நல்ல பித்தளையா, கெட்ட பித்தளையான்னு பார்த்துடுவோம்" என்று அவர் ஒரு ஆசிரியரைப் போல ஆரம்பித்தார்.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: முன்னால் குண்டு, உள்ளே மருந்து, பின்னால் பற்றவைக்கும் பிரைமர், இவை மூன்றையும் தாங்கும் பித்தளைக்கூடு. முதல் மூன்றும் ஒரு முறை சுட்டால் போயிற்று. கூடு மட்டும் திரும்பக் கிடைக்கும். விலை அதிகமும் அதற்குத்தான். செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு கலந்த பித்தளை அது. சுடும்போது சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டுக்கும் மேலான அழுத்தத்தில் அது விரிந்து, குழலின் சுவரோடு ஒட்டி, புகை பின்னால் வராமல் அடைத்துவிடும். மறுகணமே சுருங்கிக்கொள்ளும். அதனால்தான் அதை வெளியே இழுக்க முடிகிறது. விரியவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டில் ஒன்று முடியாமல் போனால் கூடு பிளக்கும். கூடு பிளந்தால் சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம்.

"அதனால பளபளப்பைப் பார்த்து எடுக்கக் கூடாது" என்றார் அண்ணன். "மூணையும் துணியால துடை. பாலிஷ் போடாத."

முதலில் அடிப்பக்கத்து எழுத்துகள். 'கே' என்ற எழுத்து, 49 என்ற எண், 7 என்ற எண். கே என்றால் இங்கிலாந்தின் கைனாக் நிறுவனம், 49 என்பது ஆண்டு, 7 என்பது தோட்டாவின் ரகம் என்றார். இன்னொன்றும் அதே ஆண்டுதான். மூன்றாவது 1950. ஒரே தொழிற்சாலையில் ஒரே காலத்தில் வந்தவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்வது முதல் விதியாம். சுவரின் கனம் ஒன்றுபோல இருந்தால்தான் குண்டும் ஒன்றுபோலப் போகும்.

அடுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். அடியில் இரண்டு சின்னத் துளைகள் தெரிந்தன. "பெர்டன் வகை. எனக்கு ஆகாது" என்றார். நடுவில் ஒரே துளை இருக்கும் பாக்ஸர் வகையில், உள்ளிருந்து ஒரு கம்பியை விட்டுத் தள்ளினால் பழைய பிரைமர் வந்துவிடும். இரண்டு துளை இருந்தால் அந்த வழி இல்லை. இதில் ஒரு வேடிக்கை, பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் ஆங்கிலேயப் படை எடுத்துக்கொண்டது அமெரிக்கர் வகையை, அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டது ஆங்கிலேயர் வகையை.

மூன்றாவது, அடிக்குச் சற்று மேலே சுற்றிவர வெளிறிய கோடு இருக்கிறதா என்று பார்த்தோம். இந்த .303 கூடுகளுக்கே உரிய நோய் அது. போர்க்காலத் துப்பாக்கிகளின் அறை தாராளமாக இருக்கும். மண்ணும் சேறும் பட்டாலும் சிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். அந்த இடைவெளியில் கூடு நீண்டு, அடிப்பக்கத்துச் சுவர் மெலியும். வெளியே தெரியாவிட்டாலும், ஒரு காகித ஊக்கை நிமிர்த்தி நுனியை மடக்கி உள்சுவரில் தடவினால் பள்ளம் விரலுக்குத் தெரியும். ஒன்றில் தெரிந்தது. அடுத்த முறை சுட்டிருந்தால் அது இரண்டு துண்டாகியிருக்கும்.

நான்காவது, நிறம். பித்தளை மஞ்சளாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் துத்தநாகம் கரைந்து போய் செம்பு மட்டும் நிற்கிறது என்று பொருள். பலம் போய்விட்டது. குத்துவிளக்கைப் புளியில் ஊறப்போட்டு மறந்துவிட்டால் ஒரு செம்மை ஏறுமே, அதேதான். நம் வீட்டு விளக்கு எந்த அழுத்தத்தையும் தாங்க வேண்டியதில்லை, அதனால் பாதகமில்லை.

"கடைசியா, மூணையும் உள்ளங்கையில போட்டுக் குலுக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கேளு."

குலுக்கினேன். பாட்டி வந்து பக்கத்தில் நின்றதுபோல இருந்தது. இரண்டு கூடுகள் மணிபோல ஒலித்தன. ஒன்று மட்டும் தகரம் போல 'தட்' என்றது. தனித்தனியாகத் தட்டிப் பார்த்தேன். 'தட்' என்றது மூன்றிலும் அழகாக, பழுதில்லாமல் தெரிந்த கூடுதான். கழுத்தருகே நகத்தால் நெருடிய பிறகுதான் மயிரிழை போல ஒரு விரிசல் தட்டுப்பட்டது.

"அதை எங்க வச்சிருந்தாரு தாத்தா?" என்றார் அண்ணன். "சுட்டதுல வந்த விரிசல்னு தோணல. சும்மா இருக்கும்போது வந்த விரிசல் மாதிரி இருக்கு."

பிறகு ஒரு சரித்திரம் சொன்னார். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படைக்கு இது பெரிய தலைவலியாக இருந்ததாம். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சும்மா கிடந்த தோட்டாக்கள் தாமாகவே வெடித்துக் கீறின. வெயில் காலம் வரட்டும் என்று எடுத்து வைத்த சரக்கு, எடுத்துப் பார்க்கும்போது வீண். 1921-ல்தான் காரணம் உறுதியானது. தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தின்றது. ஆனால் எல்லாப் பித்தளையையும் அல்ல. அடித்து இழுத்து வடிவமாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். அளவாகச் சூடேற்றி அந்த இறுக்கத்தை விடுவிக்காத கூடுகள்தான் கீறின. சுட்ட கூட்டிலும் அந்த இறுக்கம் ஏறும். அதனால்தான் அமோனியா கலந்த பாலிஷைத் தோட்டாக்கூட்டில் போடக் கூடாது என்கிறார்கள்.

அமோனியா என்றதும் அப்பா நிமிர்ந்தார். அதுவரை நாற்காலியில் பேசாமல் இருந்தவர்.

"பால் ஸ்டோர்" என்றார். "ஸ்டோர்லதான் ஒளிச்சு வச்சிருந்தாரு."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் பால் ஸ்டோருக்கு வருவதற்குள் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். அந்த நெடி மூக்கைத் துளைத்து, வீட்டுக்கு வந்த பிறகும் சட்டையில் இருக்கும்.

அன்றுதான் அப்பா முழுக் கதையையும் சொன்னார். அவசரகாலம். 1948 ஜூனில் தொடங்கி 1960 வரை நீடித்த காலம். தோட்டங்களைக் காக்க சிறப்புக் காவலர்கள் ரைபிளோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் குறிசுடும் பயிற்சி செய்த மேட்டில் வெறும் கூடுகள் சிதறிக் கிடக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தாத்தா மங்கு துடைத்துவிட்டு வரும் வழியில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தார். ஊதினால் விசில் அடிக்கும். பையன்களுக்கு வேறென்ன வேண்டும்?

கொள்ளுப்பாட்டி அதைப் பார்த்தபோது அவர் உடம்பு நடுங்கியதாம். காரணம் இருந்தது. 1947 ஏப்ரலில் இதே கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஓர் உயிர் போயிருந்தது. அவசரகால விதிகளில் துப்பாக்கியோ தோட்டாவோ சட்டவிரோதமாக வைத்திருந்தால் மரண தண்டனை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி, கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். எழுதப் படிக்கத் தெரியாத கொள்ளுப்பாட்டிக்கும் அது தெரியும். வெறும் கூடு, நிறைந்த தோட்டா என்ற வித்தியாசம் பார்க்க அவருக்குத் துணிவில்லை. மகனை அடித்துவிட்டு, கூடுகளை லயத்துக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் கொட்டினார். தாத்தா மூன்றை மட்டும் ஒளித்து, ஸ்டோர் கூரையின் இடுக்கில் சொருகி வைத்தார்.

இரண்டு வாரத்தில் லயத்தில் சோதனை நடந்தது. சாக்கடையில் கூடுகள் அகப்பட்டன. அவை கிடந்தது பக்கத்து வீட்டுக்காரரின் பின்வாசலுக்கு நேராக. அவரை அழைத்துப் போனார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார். வந்தவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. அந்த வருடமே வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்துவிட்டார்.

கொள்ளுப்பாட்டியும் வாய் திறக்கவில்லை. தாத்தாவும் திறக்கவில்லை. எழுபது வருடம். கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது அப்பாவிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அவர் அந்த மூன்று கூடுகளை ஏன் கடைசிவரை தூக்கிப் போடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் நானும் அப்பாவும் டின்னை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையம் போனோம். போவதற்கு முன்பு மூன்றையும் தட்டி, கைபேசியில் ஒலியைப் பதிந்து வைத்துக்கொண்டேன். பணியில் இருந்தவர் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, எழுதிக்கொண்டு, கூடுகளை வாங்கி வைத்தார். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். குண்டு உள்ளே இருப்பதுபோல் தெரிந்தால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், போலீஸை அங்கே வரச் சொல்லுங்கள்.

வெளியே வந்து காரில் ஏறிய பிறகு அப்பா கேட்டார். "அந்தக் குடும்பம் இப்ப எங்க இருக்காங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

தோட்டத்து மனிதர்களைத் தேடுவது அவ்வளவு கடினமில்லை. கோயில் திருவிழாவுக்கு யாராவது ஒருவர் வந்துகொண்டுதான் இருப்பார். நான்கு தொலைபேசி அழைப்புகளில், பக்கத்து வீட்டுக்காரரின் பேரன் சுங்கைப் பட்டாணியில் இருப்பது தெரிந்தது. அப்பாதான் பேசினார். தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்து, "எங்க அப்பா சார்புல மன்னிப்புக் கேட்டுக்கிறேன் தம்பி" என்றார்.

அந்தப் பக்கம் சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவர் சொன்னது ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"எங்க தாத்தாவுக்குத் தெரியும் ஐயா. பக்கத்து வீட்டுப் பையன் விசில் ஊதுனத அவரு பார்த்திருக்காரு. சொன்னா அந்தப் பையனப் புடிச்சிக்கிட்டுப் போயிருவாங்கன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லலன்னு எங்க பாட்டி சொல்லியிருக்காங்க."

அப்பா கைபேசியை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

இந்தத் தீபாவளிக்கு அந்தக் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வருகிறது. குத்துவிளக்கைத் தானே துலக்கப் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். புளியை அதிக நேரம் ஊறவிட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.