அருவி நீரும் அடுக்களைக் குடமும்

பிரயாணம் என்றால் நம்மில் பலருக்குக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று போய் வருவதுதான். அங்கேயும் போய்ப் பந்தி பரிமாறிவிட்டுத் திரும்புவோம். மலை ஏறவும் அருவி பார்க்கவும் மட்டுமே ஒரு குடும்பப் பெண் கிளம்பினால், "இந்த வயசுல இவளுக்கு என்ன வந்தது?" என்று கேட்கத் தெருவில் நாலு பேர் இருக்கத்தான் செய்வார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பக்கத்து ஜில்லாவிலேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எங்களுக்கு சேலம். பொங்கல் விடுமுறையில் இரண்டு ராத்திரி, மூன்று பகல் என்று கணக்குப் போட்டு தர்மபுரி ஜில்லாவைச் சுற்றி வந்தோம். நானும் என் கணவரும், பிளஸ் டூ படிக்கும் பையனும், சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கும் என் நாத்தனார் மகளும். நாத்தனாருக்கு பென்னாகரம் பக்கம் கிராமம். மகளைக் கொண்டுபோய் விட்ட மாதிரியும் ஆயிற்று, ஊர் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று வாடகைக் கார் பேசினார் இவர்.

முதல் நாள் விடியற்காலை கிளம்பி, மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூர் போய், அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள தீர்த்தமலை சேர்ந்தோம். அடிவாரத்தில் ஒரு கோயில், மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில். ஏற்றம் கொஞ்சம் செங்குத்துதான். என் முழங்கால் முதல் பத்து நிமிஷத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டது. "மெதுவா ஏறுங்க அத்தை, பேசிக்கிட்டே ஏற முடியற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச முடியலைன்னா நின்னுடுங்க" என்றாள் நாத்தனார் மகள். நர்சிங் படிப்பு வீண் போகவில்லை! அவள் சொன்னபடி நின்று நின்று ஏறினேன். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அதிக வேலை. கையில் ஒரு கம்பு இருந்ததால் தப்பித்தேன். அந்தக் கம்பு குரங்குகளுக்கும் உதவியது. பிளாஸ்டிக் பையைக் கண்டால் அவை விடுவதில்லை.

மேலே பாறையிலிருந்து சிந்தி விழுகிறது ராம தீர்த்தம். சிவ பூஜைக்கு நீர் வேண்டி ராமர் அம்பு எய்து வரவழைத்தது என்பது தல புராணம். குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகஸ்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று இன்னும் பல. பெரிய அருவி என்று எண்ணிப் போகாதீர்கள். தலையை நீட்டிக்கொண்டு நின்றால் சில்லென்று உச்சியில் விழும், அவ்வளவுதான். ஆனால் வெயிலில் ஏறி வந்த உடம்புக்கு அது போதும். சுற்றிலும் காய்ந்த பாறையாய் இருக்கிற இந்தச் சீமையில், ஒரு நீர்க்கசிவைக் கண்டால் அங்கே கோயில் கட்டிக் கும்பிட்டிருக்கிறார்கள் என்றால் அதில் ஆச்சரியம் என்ன?

ராத்திரி தர்மபுரியில் தங்கி, மறுநாள் காலை வத்தல்மலை ஏறினோம். இது காரிலேயே ஏறுகிற மலை. கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். பையனுக்கு வயிறு புரட்டும் என்று தெரிந்து இட்லியை இரண்டோடு நிறுத்தி, கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொல்லியிருந்தேன். மேலே மலையாளி என்று சொல்லப்படும் மலைவாழ் மக்களின் சிற்றூர்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல. நம் தமிழ் பேசுகிறவர்கள். காப்பி, மிளகு, சாமை, கேழ்வரகு எல்லாம் விளைகிறது. வாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்த ஒரு பாட்டி எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ரோடு போடுவதற்கு முன் பிரசவ வலி எடுத்தால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் மலை இறங்க வேண்டுமாம். "இப்ப தேவலை கண்ணு" என்று சொல்லிவிட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். "குடி, இது ஊத்துத் தண்ணி" என்று அவர் சொன்னபோது நாத்தனார் மகள் அந்தச் சொம்பை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லட்சணமான பெண். ஆனால் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். போட்டோவில் உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்பாள். முன்பற்களில் பழுப்பு நிறத்தில் குறுக்குக் கோடுகள். சாம்பல், உப்பு, கரித்தூள் என்று சின்ன வயதில் தேய்க்காத பொருள் இல்லை. போகவில்லை. போகாது. அது மேலே படிந்த கறை அல்ல. பல் உண்டாகும்போதே உள்ளே ஏறியது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் இந்தப் பற்களைப் பார்க்கலாம். காரணம் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு. பூமிக்கடியில் உள்ள சில வகைப் பாறைகளில் இந்தச் சத்து இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் நெடுங்காலம் பாறையோடு கிடந்து அதைக் கரைத்துக்கொள்கிறது. கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது, சொத்தை வராது. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு தண்ணீருக்கே வழியில்லை என்றால் 1.5 வரை என்பது நம் நாட்டு அளவு. அதற்கு மேல் போனால் அமிர்தம் நஞ்சாகிற கதைதான். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிற காலத்தில், சுமார் எட்டு வயது வரை, குழந்தைகள் இதைக் குடித்தால் பல்லில் கறை. பெரியவர்கள் வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் ஏறி விறைப்பு, வலி. அளவு மிக அதிகமானால் முதுகே வளைந்துவிடும்.

இதற்குத்தான் ஒகேனக்கல்லில் காவிரித் தண்ணீரை எடுத்து, சுத்தம் செய்து, இரண்டு ஜில்லாக்களுக்கும் குழாயில் கொண்டுபோகும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டி, 2013-இல் திறந்தார்கள். நாத்தனாரின் மகள் பிறந்தது 2005. மகன் பிறந்தது 2014. அவன் சிரித்தால் பல் பளீரென்று இருக்கும். ஒரே வீடு, ஒரே தாய், ஒரே சாப்பாடு. தண்ணீர்தான் வேறு.

அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் பண்ண உலை வைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் இரண்டு குடம். ஒன்றில் காவிரித் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். போன கோடையில் குழாய்த் தண்ணீர் விட்டு விட்டு வந்ததிலிருந்து, குடிக்க மட்டும் காவிரி, சமையலுக்கு போர் என்று பிரித்துவிட்டாளாம்.

"அம்மா, களிக்கும் அந்தத் தண்ணியே ஊத்தும்மா" என்றாள் மகள்.

"கொதிக்கிற தண்ணிதானேடி. கொதிச்சா எல்லாம் செத்துப் போயிடும். நீங்களே சொல்லுங்க அண்ணி" என்று என்னைப் பார்த்தாள் நாத்தனார்.

"செத்துப் போறது கிருமிம்மா. இது உப்பு மாதிரி. உப்புத் தண்ணியைச் சுண்டக் காய்ச்சினா கரிப்பு கூடுமா, குறையுமா?" என்றேன்.

பதில் சொல்லாமல் அடுப்பைத் தள்ளினாள். அவளையும் குறை சொல்வதற்கில்லை. குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் அவள் கூலி வேலையில் இருப்பாள். இருக்கிற நாலு குடத்தை ஐந்து உயிருக்கு ஓட்ட வேண்டும். கணக்குப் பார்த்துச் செலவழிப்பது நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறினது அல்லவா! மகளும் மேலே பேசவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் எல்லோருமாக ஒகேனக்கல் போனோம். பென்னாகரம் தாண்டிக் காட்டு வழியில் இறங்கும்போதே காற்று மாறிவிடுகிறது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகையும் கல் என்பதே ஊரின் பெயர். விழுகிற நீர் பாறையில் மோதிப் புகை போலக் கிளம்புவதைப் பார்த்தால் பெயர் சரிதான் என்று தோன்றும். குடகில் தலைக்காவிரியில் பிறந்து, கர்நாடகம் முழுக்க நடந்து வந்த ஆறு, இங்கேதான் நம் பக்கம் கால் வைக்கிறது. மெயின் அருவி, சினி அருவி, ஐந்தருவி என்று பல அருவிகள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மீன் வறுக்கிற அடுப்புகள், தொங்கு பாலம் என்று ஒரே கலகலப்பு.

பரிசல் என்பது மூங்கிலை வட்டக் கூடையாகப் பின்னி, அடியில் நீர் புகாதபடி போர்த்தியது. பாதுகாப்புச் சட்டை போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். புடைவை கசங்குகிறது என்று அதைக் கழற்றிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் கரும்பாறைச் சுவர், நடுவில் தண்ணீர். பரிசல்காரர் ஒரு சுழற்றுச் சுழற்றினார். பையன்கள் இரண்டு பேரும் கத்தினார்கள். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் மகள் மட்டும் கையை நீரில் விட்டுக்கொண்டு குனிந்திருந்தாள்.

"அத்தை, இதேதான் நம்ம வீட்டுக் கொழாயில வருது, இல்ல?"

"ஆமாம்மா."

"எட்டு ஒம்போது வருசம் முன்னாடி பொறந்துட்டேன் நான்" என்றாள். அழவில்லை, கோபமும் இல்லை. பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "எனக்கு வந்தது வந்திருச்சு. இப்பத்தான் இந்தத் தண்ணி வாசல் வரைக்கும் வந்திருக்குதே. அப்புறமும் அம்மா அந்தத் தண்ணியில களி கிண்டறதைப் பார்த்தா எனக்குத் தாங்கல அத்தை."

நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. அருவிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கரை ஏறும்போது என் காதோரம், "அண்ணி, பருப்பு வேகவைக்கறதுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு எத்தனை குடம் ஆகும்?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினோம். குடிக்க, சோறு, குழம்பு, களி, காப்பி எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்குச் சிக்கனமாய் இரண்டு குடம். துணிக்கும் பாத்திரத்துக்கும் குளிக்கவும் போர் தண்ணீர் போதும். உடம்பின் மேல் ஊற்றுவதால் கெடுதல் இல்லை. வீடு திரும்பியதும் போர் தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டாள் நாத்தனார், அவசரத்தில் மாறிவிடக் கூடாது என்று. குழாய் வராத நாளில் என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை. பக்கத்து வீட்டில் பிடித்து வைக்கச் சொல்லி ஏற்பாடு. சில நாள் அதுவும் தப்பிப் போகிறதாம். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்து வைக்கத் தொட்டி போடப்போவதாகப் போனில் சொன்னாள். மழைநீரில் இந்தத் தொந்தரவு இல்லை. காய்ச்சிக் குடித்தால் போதும்.

ஆழ்குழாய்த் தண்ணீரை நம்பியிருக்கும் சகோதரிகளுக்கு, எனக்குத் தெரிந்த சில விஷயங்கள்:

ஃப்ளோரைடுக்கு நிறம், மணம், ருசி கிடையாது. தெளிவாக இருப்பதால் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டாதீர்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

துணியில் வடிகட்டுவதாலும் காய்ச்சுவதாலும் அது போகாது. ஆர்.ஓ. மெஷின் குறைக்கும்.

பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் பால், தயிர், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் தாராளமாய்ச் சாப்பிடட்டும். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் கெடுதலின் வேகத்தைக் குறைக்க உதவும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்தானே இந்தத் தர்மபுரி!

கட்டன் தேநீரில் ஃப்ளோரைடு உண்டு. சிறு குழந்தைகளுக்குப் பழக்காதீர்கள். பேஸ்ட்டையும் பட்டாணி அளவு வைத்து, விழுங்காமல் துப்பச் சொல்லிக் கொடுங்கள்.

கறை படிந்த பல்லைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தால் எனாமல்தான் போகும். பல் டாக்டரிடம் காட்டினால் கறையைக் குறைக்கவும், மேலே பூச்சுப் பூசி மறைக்கவும் வழி சொல்வார். நாத்தனார் மகளைச் சித்திரையில் அழைத்துப் போவதாக இருக்கிறோம்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் மழைக்காலம் முடிந்து, வெயில் ஏறுவதற்கு முன் வாருங்கள். ஆற்றில் வெள்ளம் கூடினால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள், முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். வழுக்கும் பாறையில் குழந்தையின் கையை விடாதீர்கள். மலை ஏறும்போது புளிசாதம், எலுமிச்சம்பழம், ஒரு கம்பு, மாற்றுத் துணி, இவ்வளவு போதும். அப்படியே வழியில் உறவுக்காரர் வீடு இருந்தால், சாப்பிட உட்காரும் முன் அடுக்களையில் எந்தக் குடத்திலிருந்து உலை வைக்கிறார்கள் என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.