சிவப்பு மைனஸ்னா கடனா?

கிட் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சமாச்சாரம்னு எங்க பி.காம். வகுப்புல ஒரு நினைப்பு. பேரேடு எழுதிப் பழகினவங்களுக்குத்தான் அது சட்டுனு பிடிபடும்னு நான் சொல்வேன். யார், எப்போ, எந்த வரியை மாத்தினாங்கன்னு குறிச்சு வைக்கிற வேலைதானே. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல லினக்ஸ் கெர்னலுக்காக எழுதினது. அந்த வரலாற்றை டெர்மினல்லயே புரட்டிப் பார்க்க டிக்னு ஒரு குட்டி மென்பொருள் இருக்கு. (கிட்-டைத் திருப்பிப் போட்டா டிக். பேர் வைக்க ரொம்ப யோசிக்கல போல :-))

அவலூர்பேட்டையில அம்மா இருக்கிற மகளிர் சுய உதவிக் குழுவோட கணக்கு எங்க வீட்டு கம்ப்யூட்டர்லதான். ஆளுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், வட்டிக்குத் தனி ஃபைல். நான் ஊர்ல இல்லாதப்ப சித்தி பொண்ணு ஏத்துவா.

முதல் தொல்லை, தமிழ்ல வச்ச ஃபைல் பேரெல்லாம் 340, 256னு சாய்கோடு போட்ட எண்களா வந்துச்சு. கோர் க்வோட்பாத்-ங்கற அமைப்பை ஃபால்ஸ்னு மாத்தினா தீர்ந்தது. இது பரவாயில்லை.

ஒரு மாசம் ஒரு அக்கா வந்து, "500 கட்டினேன், 450னு இருக்காமே தம்பி?"ன்னு கேட்டாங்க. குரல்ல கோபத்தைவிட அவமானம்தான் தெரிஞ்சது. டிக்-கைத் திறந்து அவங்க ஃபைலைக் காட்டினேன். மைனஸ் போட்டு சிவப்புல 500, பிளஸ் போட்டு பச்சைல 450. "மைனஸ் 500ஆ? கடன் வேற ஏத்திட்டீங்களா?"ன்னு எழுந்தே நின்னுட்டாங்க! புரோகிராமருக்கு மைனஸ்னா பழைய வரி. கணக்கு பார்க்கிறவங்களுக்கு அது கடன்தானே.

அந்த 50 எங்க போச்சு? அந்தத் திருத்தத்தோட குறிப்புல வெறும் "திருத்தம்"னு இருந்தது. ஒரு ஃபைலை மட்டும் கேட்டா, அந்த ஃபைல்ல மாறினதை மட்டும்தான் காட்டும். முழு கமிட்டையும் திறந்தா வட்டி ஃபைல்ல அதே அக்கா பேர்ல 50. முந்தின மாச வட்டி பாக்கி. பணம் எங்கேயும் போகலை.

அன்னிக்கு ராத்திரியே ஆறு வரில ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். டிக்-கோட அமைப்பு ஃபைல்ல ஒரு பைண்ட் வரி சேர்த்தேன். கே-யை அழுத்தினா, கர்சர் நிற்கிற கமிட்டோட எண் ஸ்கிரிப்ட்டுக்குப் போகும். அது கிட் ஷோ-வை வேர்ட் டிஃப்-போட கூப்பிடும், ஃபைல் பேர் எதுவும் கொடுக்காம. அதனால அந்தக் கமிட்ல மாறின எல்லா ஃபைலும் ஒண்ணா வரும். அடைப்புக்குறி, பிளஸ், மைனஸ் எல்லாத்தையும் செட் கட்டளை தூக்கிட்டு "முன்பு 500, இப்போ 450"னு போடும். கலர் கிடையாது. இப்போ கூட்டத்துல அம்மாவே சத்தமா வாசிக்கிறாங்க.

கம்பெனிகளோட கணக்கு மென்பொருள்ல திருத்தப் பதிவு கட்டாயம், அதை அணைக்கவும் கூடாதுன்னு 2023 ஏப்ரல் 1லிருந்து விதி. எங்க குழு கம்பெனி இல்லை. ஆனா கிட்-லயும் ரீபேஸ் பண்ணி பழைய கமிட்டை மாத்திடலாம், அது தெரிஞ்சவன் வீட்டுல நான் ஒருத்தன்தான். மாத்தினா அதுக்கப்புறம் வர்ற எல்லா கமிட்டோட எண்ணும் மாறிடும். அதனால ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சதும் கடைசி கமிட்டோட முதல் 7 எழுத்தைத் தீர்மான நோட்டுல எழுதி, கீழே எல்லாரும் கையெழுத்து. அந்த அக்கா மட்டும் அதைத் தன் பாஸ்புக் ஓரத்துலயும் குறிச்சுக்கிறாங்க.