கஞ்சியில் உப்பு இருந்ததா?

ஆற்காட்டு முற்றுகையைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் அந்தக் கஞ்சியில் உப்பு இருந்ததா என்று கேட்டதில்லை. ஆரணிப் பக்கத்து நெசவு ஊரான முள்ளிப்பட்டிலிருந்து எங்களோடு பஸ்ஸில் வந்த ஒரு அம்மா கேட்டார்.

வெள்ளைக்காரன் காலத்து இடங்களை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் பயணம் அது. ஆரணிக் கோட்டையில் தொடங்கி, ஆற்காடு போய், வேலூரில் முடியும். பஸ்ஸில் பாதிக்கு மேல் தறிக்காரக் குடும்பங்கள். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு இழைத்தொகுதி, முடிந்து அடுத்த பாவு ஏறுவதற்குள் கிடைக்கிற ஓய்வில் கிளம்பி வந்தவர்கள். வழிகாட்டி வரலாறு படித்த இளைஞர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார், ஆனால் ஆண்டுகளைச் சரியாகச் சொன்னார்.

ஆரணியில் கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவுத் தூணை அண்ணாந்து பார்த்தோம். திப்பு சுல்தானுக்கு எதிரான போருக்காக இங்கே திரண்ட படைக்குத் தலைமை தாங்கி வந்தவர். போர் சூடுபிடிக்கும் முன்னரே, 1790இல், ஆரணியில் இறந்துபோனார். அங்கிருந்து ஆற்காடு. கோட்டையில் பெரும்பகுதி போய்விட்டது. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்னும் வாயில் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. அதன் மேல்மாடத்து அறையை, ஆங்கிலக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் பெயரால், கிளைவின் அறை என்கிறார்கள்.

வழிகாட்டி தொடங்கினார். 1751. கிளைவுக்கு வயது இருபத்தாறுகூட நிறையவில்லை. சென்னையிலிருந்து 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று பீரங்கிகளோடு வந்து கோட்டையைப் பிடிக்கிறார். கூட வந்த அதிகாரிகள் எட்டுப் பேரில் நாலு பேர் அதுவரை கம்பெனிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள். கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் கோட்டையை வளைக்கிறார். முற்றுகை 50 நாள். உள்ளே சண்டை போடத் தெம்போடு மிஞ்சியவர்கள் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும்தான். அரிசி குறைந்துகொண்டே வருகிறது. அப்போது சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, "சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்று சொன்னார்களாம்.

கூட்டம் உச்சுக் கொட்டியது. அந்த அம்மா மட்டும், "கஞ்சியில உப்பு போட்டாங்களா தம்பி?" என்றார்.

"அதெல்லாம் எழுதி வைக்கலைங்கம்மா."

"உப்பு இருந்தா கஞ்சி தாங்கும். உப்பு இல்லன்னா தொண்டையில எறங்காது." பிறகு பக்கத்தில் நின்றவரிடம், "வந்தவங்களுக்குச் சோத்தப் போட்டுட்டு வீட்டுக்காரங்க கஞ்சி குடிக்கறது எங்கயும் நடக்கறதுதானே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்க்க நடந்தார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தக் கதையை உலகெங்கும் பரப்பியவர் ஆங்கிலேய எழுத்தாளர் மெக்காலே. கிளைவைப் பற்றி ஜான் மால்கம் எழுதி 1836இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றை முன்வைத்து, மெக்காலே 1840இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். முற்றுகை முடிந்து 89 ஆண்டுகள் ஆகியிருந்தன. சிப்பாய்கள் கஞ்சி கேட்ட கட்டத்துக்கு வரும்போது அவருடைய நடை உருகிப் போகிறது. படைவீரர்களின் விசுவாசத்துக்கு வரலாற்றில் இதைவிட நெஞ்சைத் தொடும் சான்று கிடையாது என்ற அளவுக்குப் போகிறார். ஆங்கிலம் படித்த பல தலைமுறைகள் ஆற்காட்டை அறிந்தது அந்தக் கட்டுரை வழியாகத்தான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு இளகியதுண்டு. கூடவே ஏதோ ஒன்று உறுத்தும். அது என்ன என்று அந்த அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மெக்காலே அதை எஜமானுக்கு வேலைக்காரன் காட்டிய விசுவாசமாகப் படித்தார். முள்ளிப்பட்டுக்காரர் அதை வீட்டுக்காரன் விருந்தாளிக்குச் செய்த மரியாதையாகப் படித்தார். ஒரே நிகழ்ச்சிதான், யார் வீடு, யார் விருந்தாளி என்பது மாறிவிடுகிறது. கஞ்சி குடித்து வளர்ந்தவனுக்கு அது எத்தனை நாள் உடம்பைத் தாங்கும் என்று தெரியும். வந்தவனுக்கு அது பழக்கமில்லை என்பதும் தெரியும். "எனக்கு இது போதும், நீ சாப்பிடு" என்று சொல்வதற்குள் ஒரு நிமிர்வு இருக்கிறது. பணிவை மட்டும் பார்த்தவர் அந்த நிமிர்வைக் கவனிக்கவில்லை.

கஞ்சியைப் பற்றிப் பேச முள்ளிப்பட்டுக்காரர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? வயிற்றுக்கு மட்டுமா, பாவுக்கும் கஞ்சிதான். வெயில் ஏறுவதற்கு முன்னால் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, கஞ்சியை இழை இழையாக நீவிவிடுவார்கள். கெட்டியாகப் போனால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். நீர்த்துப் போனால் தறியில் அறுந்துகொண்டே இருக்கும். வெயில் முந்திக்கொண்டால் போட்ட கஞ்சி வீண். பதம் கைக்குத்தான் தெரியும். அந்தக் கையுள்ள ஊரிலிருந்து வந்தவர் உப்பைப் பற்றிக் கேட்டதில் வியப்பில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரர்கள் இந்தக் கரைக்கு வந்ததே துணிக்காக. 1639இல் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தில் இடம் பிடித்ததற்கு, சுற்றுவட்டாரத்தில் துணி மலிவாகக் கிடைத்தது பெரிய காரணம். கிளைவும் 1744இல் சென்னையில் வந்து இறங்கியபோது கம்பெனிக் குமாஸ்தாதான். நெசவுத் துணி வாங்க வந்தவர்கள், அந்த வியாபாரத்தைக் காக்கச் சிப்பாய்களைச் சேர்த்தார்கள். ஆற்காட்டுக்குச் சில வாரம் கழித்து, 1751 டிசம்பரில், ஆரணிப் பக்கம் நடந்த சண்டையில் ராசா சாகிப் மறுபடி தோற்றார். அவரிடமிருந்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கிளைவிடம் வந்து வேலைக்குச் சேர்ந்தார்கள். சம்பளம் ஒழுங்காகத் தருகிறவனைத் தேடிப்போன குடும்பஸ்தர்கள் அவர்கள். அவர்களைத் தெய்வீக விசுவாசிகளாக்கவும் வேண்டாம், துரோகிகளாக்கவும் வேண்டாம்.

மத்தியானம் ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வேலூருக்குக் கிளம்பினோம். ஒரு மணி நேரம்கூட ஆகாத பாதை. இந்தப் பாதையில்தான் 1806 ஜூலை 10ஆம் தேதி காலையில் கர்னல் கில்லெஸ்பி, 19ஆம் டிராகூன் குதிரைப்படையோடு பாய்ந்து போனார். விடிவதற்கு முன்பே வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து வெள்ளைக்காரப் படைப்பிரிவைச் சுட்டு வீழ்த்தியிருந்தார்கள். காரணம் எல்லோரும் அறிந்தது, சிப்பாய்கள் மேல் திணித்த புது உத்தரவுகள். நெற்றியில் விபூதி, நாமம் கூடாது. தாடி எடுக்க வேண்டும், மீசையைத் திருத்த வேண்டும். தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்தார்கள். உள்ளே நெருப்புக்கு விறகு ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தது.

கில்லெஸ்பியோடு போனவர்களில் சென்னை ராணுவத்தின் இந்தியக் குதிரை வீரர்களும் இருந்தார்கள். பீரங்கியால் வாயிலை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. அரண்மனைக்குள் பதுங்கியிருந்த நூறு பேரளவில் வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிற்கவைத்துச் சுடப்பட்டார்கள்.

அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோபுரத்தையும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு, கோட்டைக்கு எதிரே இருக்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணருகே நின்றபோது நான் கணக்குப் போட்டேன். 1751க்கும் 1806க்கும் நடுவே 55 ஆண்டுகள். ஆற்காட்டில் கஞ்சி கேட்டவனின் பேரன் வேலூரில் துப்பாக்கி தூக்கியிருக்கலாம். சோற்றை விட்டுக்கொடுத்த கைக்கு நெற்றித் திருநீற்றை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. முதலாவது அவன் தானாகக் கொடுத்தது. இரண்டாவது கேளாமலே பறிக்கப்பட்டது. விருந்தாளி வீட்டுக்காரனின் நெற்றியைத் துடைக்க வந்தால் எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும்.

வேலூர் எழுச்சிக்குப் பிறகு சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தலைப்பாகை உத்தரவும் போயிற்று. ஆனால் பெண்டிங் மீண்டும் வந்தார், இந்தமுறை கவர்னர் ஜெனரலாக. 1834இல் மெக்காலே சென்னையில் இறங்கி, ஆட்கள் தோளில் சுமந்த பல்லக்கில் உதகமண்டலம் போய்ச் சந்தித்தது அவரைத்தான். கஞ்சிக் கதையை எழுதப்போகிறவரும் தலைப்பாகை உத்தரவுக்காகப் பதவி இழந்தவரும் மலைமேல் சந்தித்திருக்கிறார்கள். பெண்டிங் வேலூரைப் பற்றி ஏதாவது சொன்னாரா, மெக்காலே கேட்டாரா? ஆற்காட்டுக் கஞ்சியை எழுதியபோது வேலூர் அவர் மனத்தில் ஒரு கணமாவது வந்து போயிருக்க வேண்டும் என்று நினைக்க ஆசைப்படுகிறேன். வந்திருந்தால் விசுவாசம் என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்க மாட்டார்.

கெல்லிக்குத் தூண் இருக்கிறது. கிளைவுக்கு அறை இருக்கிறது. கஞ்சி கேட்டவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் கதையில் இல்லை. அது இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. கதையையாவது முழுதாகச் சொல்லலாம். ஆற்காட்டை மட்டும் பார்ப்பவர், நம் ஆட்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார். வேலூரை மட்டும் பார்ப்பவருக்குக் கோபம் தெரியும்; அது எவ்வளவு பெரிய பெருந்தன்மைக்குப் பிறகு வந்தது என்பது தெரியாது. இரண்டையும் ஒரே பகலில், ஒரே பாதையில், நடந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். ஆரணிப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு வேலூருக்கு நேர்வழியும் உண்டு. நெரிசலுக்கு முன் வேலூரை முடித்துவிடலாம் என்று பஸ்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஆற்காடுதான் முதலில்.