ரப்பர் வேகும் முன்பே கணினியில் பார்த்துவிடலாம்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறவர்கள் கண்ணில் படுவது கார், பைக் கம்பெனிகளின் பெயர்ப் பலகைகள்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 1998-இலேயே சான்ட்ரோ வெளிவந்த இடம். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் தொழிற்சாலை வந்தது. 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு.

ஆனால் வண்டிக்குள்ளே இருக்கும் ரப்பர் பாகங்களை யார் கவனிக்கிறார்கள்? எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ், ஆயில் சீல், வயர் நுழையும் ஓட்டையில் மாட்டும் குரோமெட்... இவற்றைச் செய்து கொடுப்பவை வேறு வெண்டர் கம்பெனிகள். அவற்றில் சின்னப் பட்டறைகளும் உண்டு. அங்கே வீணாகும் ஒவ்வொரு துண்டும் லாபத்தைத் தின்னும்.

பிளாஸ்டிக் என்றால் கவலை குறைவு. சூடாக்கி உருக்கி, குளிர்ந்த மோல்டுக்குள் செலுத்துவார்கள். பாகம் சரியில்லை என்றால் அரைத்து மறுபடி உருக்கிக்கொள்ளலாம். ரப்பரில் கதை தலைகீழ்! மெஷினின் பேரலில் ரப்பர் காம்பவுண்ட் சுமார் 80 டிகிரியில் இளஞ்சூடாக இருக்கும். மோல்டுதான் 170 டிகிரி கொதிக்கும். அந்தச் சூட்டில் ரப்பரும் கந்தகமும் பிணைந்து இறுகும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வல்கனைசேஷன் இதுதான். வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமா? அதே கதைதான் இங்கும். ரிஜெக்ட் ஆன பாகம் குப்பைக்குத்தான்.

பழைய முறையில் மோல்டை முதலில் வெட்டிவிடுவார்கள். பிறகு மெஷினில் ஏற்றி ட்ரையல். ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொள்ளும், இன்னொரு இடம் வேகாது. கேட்டை மாற்று, சூட்டை ஏற்று, நேரத்தைக் கூட்டு... எஃகை மறுபடி வெட்டுவதற்குள் நாட்கள் ஓடிவிடும்.

சிமுலேஷன் இந்தத் தவறுகளைத் திரையிலேயே காட்டிவிடுகிறது. பாகத்தின் வடிவத்தை லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ரப்பர் எப்போது வருகிறது, எவ்வளவு சூடு, எத்தனை சதவீதம் வெந்தது என்று கணக்குப் போடும். இந்த வகை மென்பொருள் பிளாஸ்டிக்குக்காகத்தான் முதலில் வந்தது. 1978-இல் ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் தொடங்கிய மோல்டுஃப்ளோ முன்னோடி. ரப்பருக்கு இதோடு வேகும் கணக்கும் சேர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள் இதில் வெளியே வரும். எட்டு குழிகளுக்கும் ரன்னர் ஒரே நீளம்தான், ஆனாலும் சில குழிகள் மட்டும் முந்தி நிரம்பும். காரணம், ஓட்டத்தில் உரசும் இடத்தில் ரப்பர் அதிகம் சூடாகி இளகுகிறது. ரன்னர் கிளை பிரியும்போது அந்தச் சூடான பகுதி சில குழிகளுக்கு மட்டும் போய்விடுகிறது.

அடுத்தது நேரம். ரப்பர் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம். பயத்தில் எல்லாரும் கியூரிங் நேரத்தைக் கூட்டித்தான் வைப்பார்கள். ஆனால் தடித்த பாகம் வெளியே வந்த பிறகும் உள்ளே இருக்கும் சூட்டில் கொஞ்சம் வேகும். எவ்வளவு முன்னால் மோல்டைத் திறக்கலாம் என்று சிமுலேஷன் சொல்லும். ஒரு கணக்கு பாருங்கள்: 16 குழி மோல்டில் ஒரு சுற்று 300 நொடி என்றால் மணிக்கு 192 பாகங்கள். அதையே 240 நொடியாக்கினால் 240 பாகங்கள். புது மெஷின் வாங்காமலே 25 சதவீதம் கூடுதல்!

அவசரப்பட்டால் ஆபத்தும் உண்டு. நடுவில் போதிய அளவு வேகாமல் திறந்தால் உள்ளே சின்னச் சின்னக் குமிழ் விழும். வெளியே பார்த்தால் தெரியாது. எஞ்சின் மவுண்டில் அப்படி நடந்தால் சுமை தாங்காமல் சீக்கிரமே கிழியும்.

இதெல்லாம் சரியாக வர ஒரே நிபந்தனை: கொடுக்கும் டேட்டா சரியாக இருக்க வேண்டும். காம்பவுண்டை ரியோமீட்டரில் வைத்து, எப்போது இறுகத் தொடங்குகிறது, எப்போது 90 சதவீதம் வேகிறது என்று பல வெப்பநிலைகளில் அளக்க வேண்டும். பாகுநிலையும் வேண்டும். மென்பொருளோடு வரும் ஏதோ ஒரு ரப்பரின் எண்களைப் போட்டால் வண்ணவண்ணப் படம்தான் கிடைக்கும், பாகம் கிடைக்காது. இன்னொன்று, மோல்டின் ஓரம் நடுவைவிடக் குளிர்ந்திருக்கும். எந்த மூலை எப்போதும் மக்கர் செய்யும் என்று மெஷினில் நிற்கும் ஆபரேட்டருக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் போடும் சிமுலேஷன் பாதிக் கணக்குதான்.

சின்னப் பட்டறையால் இந்த மென்பொருளை வாங்குவது கடினம். ஆனால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ரப்பர், பிளாஸ்டிக்குக்கென்றே தனித் துறை இருக்கிறது. கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிபெட் இருக்கிறது. கடைசி வருட ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் நண்பர்கள் ஒரகடம் பக்கம் ஒரு பட்டறையில் போய்க் கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் தீராத பிரச்சினை ஒன்றாவது இருக்கும். உங்களிடம் நேரம் இருக்கிறது!