அம்மாவின் கை

கொழிஞ்சாம்பாறைன்னா இங்கே மஸ்கட்டில் இருக்கிற மலையாளிகளுக்கே சட்டுன்னு பிடிபடாது. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, தென்னந்தோப்பும் கள்ளும்னு அடுக்கிக்கிட்டே போகணும். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். நம்ம கதை இருக்கட்டும், அம்மா கை விஷயத்துக்கு வர்றேன்.

2019 தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது எண்ணெய்ச் சட்டி சரிஞ்சு, அம்மாவுக்கு வலது புறங்கை முழுக்க வெந்து போச்சு. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தியம். நான் பணம் அனுப்பினேன், தினமும் போன் பண்ணினேன். புண் ஆறிடுச்சுன்னு தங்கச்சி சொன்னதும் விஷயம் முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

ஜனவரியில் லீவில் போனா, அம்மா ஸ்பூனில் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. புறங்கைத் தோல் தடிச்சு, செவந்து, கயிறு மாதிரி விரல்களைப் பின்னால இழுத்து வெச்சிருந்துச்சு. சோத்தைப் பிசைய முடியலை. "வயசாச்சுல்ல சாமி, இது போதும்"னாங்க. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.

பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பொண்ணு, மலையாளமும் தமிழும் கலந்து பேசும். அது சொல்லித்தான் தெரிஞ்சுது, புண் ஆறுறதும் தழும்பு ஆறுறதும் வேற வேறயாம். நல்ல தோலில் கொலாஜன் நார் கூடை முடைஞ்ச மாதிரி குறுக்கும் நெடுக்கும் இருக்குது. தழும்பில் ஒரே வாக்கில் நெருக்கமாக் கட்டிக்கும், சுருங்கவும் செய்யும். தீக்காயத் தழும்பு முதிர்ந்து அடங்க ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகும். அது இளசா இருக்கும்போதே கை வெக்கணும்.

அப்புறம் என் கட்டைவிரலைப் பிடிச்சு அம்மா கையில் வெச்சுக் காட்டுச்சு. நான் உழிச்சில் மாதிரி எண்ணெயை ஊத்தி நீவினேன். "அப்படியில்ல சார், விரல் வழுக்கக் கூடாது"ன்னுச்சு. எண்ணெய் ஒரு சொட்டு போதும். விரல் தோல் மேல ஓடக் கூடாது, தோலும் விரலோடு சேர்ந்து நகரணும். தழும்பு வெளுக்கிற அளவுக்கு அழுத்தி, வட்டமா, அப்புறம் குறுக்கா, அப்புறம் நீளவாக்கில். பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு தடவை. சூடு இருக்கும்போதே விரல்களை ஒவ்வொண்ணா மெதுவா மடக்கணும். தோல் பிஞ்சாலோ கொப்புளம் கெளம்பினாலோ நிறுத்திடணும். ஆறாத புண் மேல விரலே வெக்கக் கூடாது. ராத்திரிக்கு சிலிக்கான் ஷீட்டும் ஸ்ப்ளின்டும், வெயிலில் போனா குடை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொடுத்த வைத்தியர் தைலத்தைக் காட்டினேன். புதுத் தோலுக்கு மூலிகை ஒத்துக்காம போகலாம், வெறும் தேங்காய் எண்ணெய் போதும்னுச்சு. தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறவனுக்கு இதைச் சொல்ல ஒரு ஆள் :-)

இதில் மாயமெல்லாம் ஒண்ணும் கெடையாது. மசாஜால் அரிப்பு, வலி குறையுது, தோல் இளகுதுன்னு பல ஆய்வில் வந்திருந்தாலும், பெரும்பாலும் சின்ன ஆய்வுகள்தான், ஆளாளுக்கு ஒரு முறை. தழும்பு மறையப் போறதில்லை. பழைய தோலோட பலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அது எட்டாது. இழுப்பு முத்திப் போனா ஆபரேஷன்தான்.

பேங்க்காரன் பாஷையில் சொன்னா இது ஆர்.டி. ஒரு தவணை தவறினாலும் கணக்கு இடிக்கும். மூணு வாரம் நானே பண்ணினேன். முதல் நாள் கூச்சமா இருந்துச்சு. நாப்பது வயசுக்கு மேல அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்த ஞாபகமே எனக்கு இல்லை. அம்மாவுக்கும் கூச்சம்தான், வேற எங்கயோ பாத்துக்கிட்டு தோப்புக் கணக்கு, சொந்தக்காரங்க கல்யாணம்னு பேசுவாங்க. அப்பா போன புதுசில் வீட்டுக் கடன் எப்படிக் கட்டினாங்கன்னு அப்பத்தான் கேட்டேன். கடன் பைல் பாக்கிறதுதான் என் தொழிலே, ஆனா எங்க வீட்டுக் கடன் எனக்குத் தெரியாது.

நான் கெளம்பின பிறகு தங்கச்சி எடுத்துக்கிட்டா. அடுத்த மாசமே கொரோனா ஊரடங்கு, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வீடியோ காலில் நான் மணி பாக்க, அவ அழுத்துவா. ஓணம் சமயம் அம்மா போன் முன்னாடி ரசஞ்சோத்தைப் பிசைஞ்சு காட்டினாங்க. சுண்டு விரல் மட்டும் இன்னைக்கும் முழுசா மடங்காது. அது வெளியே நீட்டிக்கிட்டு நிக்க, "உப்பு பத்தலை"ன்னு தங்கச்சியைத் திட்டிக்கிட்டே சாப்பிட்டாங்க.